மணாலிப் பனியில் உருண்ட என் தம்பி

செஞ்சியில் என் தம்பி ரஞ்சித்தைத் தெரியாதவர்கள்கூட அவன் விழுந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள். நான் பஸ் ஸ்டாண்டு எதிரில் பூக்கட்டி விற்கிறவள். முழம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், "பனியில உருண்டாரே, அவரு உன் தம்பியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பூவையே பார்க்கிறார்கள். வீடியோவில் இருப்பது அரை நிமிஷம். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் தெரியாமலே இவ்வளவு சிரிக்கிறார்கள். தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம்.

ரஞ்சித்துக்கு விழுவது சின்ன வயதிலேயே பழக்கம். ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்துப் பாறையில் பனைமட்டையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சறுக்குவான். பாதி தூரம் மட்டையும் இவனும் ஒன்றாக வருவார்கள். மீதி தூரம் மட்டை தனி, இவன் தனி. வீட்டுக்கு வரும்போது டவுசரின் பின்பக்கம் இருக்காது. "வருஷத்துக்கு நாலு டவுசர் போவுது. பேசாம பாறைக்கே ஒரு டவுசர் தெச்சிப் போட்டுடலாம்டா" என்பார் எங்கள் நைனா.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஓட்டல் வேலைக்குப் போனான். இலை எடுத்தான், மாவு ஆட்டினான், பிறகு அடுப்பில் நின்றான். அவன் கையில் இட்லி பஞ்சு மாதிரி வரும். கவிதாவைக் கட்டிவைத்தோம். எட்டு வருஷம் பிள்ளை இல்லை. இரண்டு பேரும் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு மாசமும் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கவிதா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள்.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். அங்காளம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றவன், திடீரென்று சத்தமாகச் சொல்லிவிட்டான்: "தாயே! எனக்கு ஒரு பிள்ளை குடு. பொறந்த வருஷத்து மாசி முடியறதுக்குள்ள உன் பிராகாரத்த உருண்டு வர்றன். உருண்ட பின்னாடிதான் பிள்ளை மூஞ்சியப் பாப்பன்."

நான் அவன் இடுப்பைக் கிள்ளினேன். "உருள்றன்னு சொன்னியே, அதோட நிறுத்தறதுக்கு இன்னாடா? மூஞ்சியப் பாக்கமாட்டன்னு யாராவது வேண்டுவாங்களா?"

"வந்துடுச்சிக்கா வாயில. நான் இன்னா பண்ணட்டும்?"

அங்காளம்மா கேட்டுவிட்டாள். அடுத்த வருஷமே கவிதா உண்டானாள்.

அந்த நேரம் பார்த்து பீமாராவ் வந்தார். அவர் செஞ்சிக்காரர். நம் பக்கத்து ஜனங்களைப் பஸ்ஸிலும் ரயிலிலும் காசி, மணாலி என்று கூட்டிக்கொண்டு போகிறவர். மணாலியில் அவர் ஆட்களைத் தங்கவைக்கிற லாட்ஜில், தமிழ்ச் சாப்பாடு போட ஒரு ஆள் வேண்டுமாம். கார்த்திகையில் போனால் தை கடைசியில் வந்துவிடலாம், நல்ல சம்பளம் என்றார். பிரசவச் செலவு இருக்கிறதே என்று இவனும் கிளம்பிவிட்டான்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. போனில் கவிதா, "வீடியோவுல வா மாமா, காட்டறன்" என்றாள்.

"வேணாம் கவிதா. அம்மாகிட்ட சொல்லிட்டன்."

"அம்மாகிட்ட போன் பத்தி எதுவும் சொல்லலியே நீ?"

"மூஞ்சின்னா மூஞ்சிதானே."

கவிதா போனைக் கட்டிலில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் குழந்தையின் அழுகையை மட்டும் கேட்பான். அழுகிற சத்தத்தை வைத்தே, "இது பசி அழுகை இல்ல, கொசு கடிச்சிருக்கும் பாரு" என்பான். பார்த்தால் கடித்துத்தான் இருக்கும்.

தை முடிந்தது. லாட்ஜ் முதலாளி லீவு தரவில்லை. கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது, பங்குனி பாதி வரைக்கும் நீ நகரக்கூடாது என்றுவிட்டார். மாசி போய்விட்டால் இவன் சொன்ன சொல் என்ன ஆவது? கவிதாவும் நானும் பேசாத நாள் இல்லை.

அவன் மட்டும் போனில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். காலைப் பலகாரம் முடிந்ததும் லாட்ஜுக்குப் பின்னால் இருக்கிற பனிச்சரிவுக்குப் போய்விடுவானாம். அங்கே காலில் நீளமான கட்டைகளை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கோல் பிடித்துக்கொண்டு ஜனங்கள் சறுக்குகிறார்கள். சறுக்குகிறவர்களைவிட விழுகிறவர்கள்தான் அதிகம். ரஞ்சித் ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான்.

"நின்ன எடத்துலயே நட்டுக்குத்தலா சாஞ்சா அது வாழமரம் யக்கா. கையும் காலும் விரிச்சிக்கினு குப்புற விழுந்தா பல்லி. கட்டை ஒரு பக்கம், கோலு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் செதறிச்சின்னா சூறைத்தேங்கா. அத்தப் பொறுக்கவே நாலு ஆளு வேணும்."

"நீ இன்னாடா விழுந்த?"

"காலைலேருந்து ரெண்டு வாழமரம், ஒரு சூறைத்தேங்கா."

இவன் சறுக்கப் பழகியதற்குக் காரணம் இருந்தது. வருஷா வருஷம் மாசியில் அந்த முதலாளி வேலைக்காரர்களுக்கு ஒரு பந்தயம் வைப்பாராம். மலையில் பிறந்தவர்கள் கலந்துகொள்ளக்கூடாது. கீழ்நாட்டு ஆட்கள் மட்டும். மேலிருந்து சறுக்கி, கீழே நட்டிருக்கிற சிவப்புக் கொடியைக் காலில் கட்டையோடு முதலில் தாண்டுகிறவனுக்குப் பத்து நாள் லீவு. முதலாளியே தடுக்க முடியாத லீவு.

மாசி பதினேழாம் தேதி பந்தயம். அந்த வாரம் பீமாராவ் கூட்டிப்போன கூட்டம் முழுக்க நம் பக்கத்து ஜனங்கள். செஞ்சி, பனமலை, திண்டிவனம் என்று முப்பது பேர். பந்தயம் தொடங்கியதும் பீமாராவ் எங்களுக்கு வீடியோ போட்டார். நான் பூக்கூடையை அப்படியே மூடிவைத்துவிட்டு கவிதா வீட்டுக்கு ஓடினேன். கவிதா மடியில் குழந்தை, அவள் கையில் போன்.

பந்தயத்தில் மூன்றே பேர். ரஞ்சித், வண்டி ஓட்டுகிற ஒருவர், துணி துவைக்கிற பீகார்க்காரர். விசில் ஊதினார்கள். பீகார்க்காரர் பத்தடி போனார். எங்கள் போனில் தொப்பி பறப்பது தெரிந்தது, பிறகு கோல் பறப்பது தெரிந்தது. "சூறைத்தேங்கா!" என்று நானும் கவிதாவும் ஒன்றாகக் கத்தினோம். டிரைவர் கிட்டத்தட்ட உட்கார்ந்துகொண்டு, மாட்டுவண்டி போகிற வேகத்தில் வந்தார். என் தம்பி அவரைத் தாண்டினான். முழங்காலை மடக்கி, கோலைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு விழுதல்கூட இல்லாமல் பாதிச் சரிவு வந்துவிட்டான்.

"வர்றாரு அண்ணி, வர்றாரு! கொடி கிட்ட வந்துட்டாரு!" என்று கத்தினாள் கவிதா.

அங்கேதான் கெட்டது. கீழே நின்ற நம் ஊர்ப் பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்களுக்குப் பொங்கல் போடுகிற பிள்ளை ஜெயிக்கிறானே என்று, எல்லாரும் சேர்ந்து, "அங்காளம்மா! தாயே!" என்று சத்தம் போட்டார்கள்.

அம்மன் பெயர் காதில் விழுந்தால் ரஞ்சித்தின் கை தானாகக் கும்பிடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதே கையை விட்டுக் கும்பிட்டு, பக்கத்து ஆள்மேல் விழுந்திருக்கிறான். இங்கேயும் அதேதான். இரண்டு கோலையும் விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான்.

அடுத்த நொடி கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கழன்று ஓடின. ரஞ்சித் பக்கவாட்டில் சாய்ந்தான். வாழமரமும் இல்லை, பல்லியும் இல்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே, உடம்பு நேராக, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று சரிவில் உருண்டு வந்தான். "அங்காளம்மா தாயே, அங்காளம்மா தாயே" என்று அவன் வாயும் கூடவே உருண்டது. இதைத்தான் கூட்டத்தில் யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளைப் பனியில் கைகூப்பி உருண்டு வருகிறவனைப் பார்த்தால் நம் ஜனங்கள் சும்மா நிற்பார்களா? கோயிலில் ஒருவர் அங்கப்பிரதட்சணம் செய்தால் கூட நடந்து, வழிவிடச் சொல்லி, தலை சுற்றி நின்றுவிட்டால் தள்ளிக்கொடுப்பது வழக்கம்தானே. பனமலை ஜெயக்கொடி அம்மாள் முதலில் ஓடினார். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பின்னாலேயே நாலு பெண்கள், வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு.

"வழி வுடுங்க, வழி வுடுங்க! சாமி உருண்டு வருது!"

கொடிக்குப் பத்தடி முன்னால் ரஞ்சித் நின்றுவிட்டான். ஜெயக்கொடி அம்மாள் இடுப்பைப் பிடித்தார், இன்னொரு அம்மா காலைப் பிடித்தார், தள்ளினார்கள். ஒரு பெண் வழக்கம் தவறாமல் பாட்டில் தண்ணீரைத் திறந்து அவன்மேல் ஊற்றிவிட்டாள்.

"ஐயோ தண்ணி வேணாம்மா! வெறச்சிப் பூடுவன்!" என்று அவன் அலறியது எங்களுக்குச் செஞ்சியில் கேட்டது.

கொடியை அவன்தான் முதலில் தாண்டினான். ஆனால் காலில் கட்டை இல்லை, தள்ளிவிட ஐந்து பேர். டிரைவர் நிதானமாக வந்து, கட்டையோடு தாண்டினார். முதலாளி டிரைவரின் கையைத் தூக்கிப் பிடித்தார். நியாயம் அதுதான்.

ரஞ்சித் பனியில் உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்போதுதான் மெல்ல மாறியது. மாசியில் இன்னும் பதின்மூன்று நாள்தான். கவிதா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். குழந்தை அழவே இல்லை.

ஜெயக்கொடி அம்மாள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். உடனே, "யப்பா, அதான் உருண்டாச்சே! அம்மா இங்க மட்டும் இல்லாமலா பூட்டா? பீமாராவு, அந்தப் போனக் குடு. பிள்ளை மூஞ்சியப் பாருடா கண்ணு!" என்று போனை அவன் எதிரில் நீட்டினார்.

நானும் ஆசைப்பட்டுவிட்டேன். குழந்தையின் முகத்துக்கு நேராகப் போனைத் திருப்பினேன். ரஞ்சித் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"யக்கா, திருப்பாத! நான் பிராகாரத்த உருள்றன்னு சொன்னன். இது அவ பிராகாரம் இல்ல. இது லாட்ஜுக்குப் பின்பக்கம்."

ஜெயக்கொடி அம்மாள் கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பீமாராவிடம் சொன்னார்: "அந்த முதலாளிகிட்ட கேளு. இந்தப் பிள்ளைய வுடறதுக்கு இன்னா கஷ்டம்?"

பீமாராவ் இந்தியில் கேட்டுச் சொன்னார். "அவருக்கும் மனசு இருக்குதாம்மா. ஆனா மொத நாளு சப்பாத்தி போட்டதுக்கு நீங்கதான் சண்டைக்கு வந்தீங்களாம். இவன் பூட்டா உங்களுக்கு யாரு பொங்கிப் போடறதுன்னு கேக்கறாரு."

"நாங்க இன்னும் நாலு நாளுதானே இங்க இருக்கப்போறோம்? நான் எரநூறு பிள்ளைங்களுக்குப் பொங்கிப் போட்டவ. சமையல்கட்டு எந்தப் பக்கம்னு கேளு. ஏய் பொண்ணுங்களா, வெங்காயம் உரிக்க யாரு வரீங்க?"

நாலு கை உயர்ந்தது.

"அடுத்த கூட்டம் வருமே, அதுக்கு இன்னா பண்றதுன்றாரு" என்றார் பீமாராவ். கேட்டுவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். "அடுத்த கூட்டமும் நான்தானே கூட்டியாறேன். செஞ்சியிலேருந்து ஒரு சமையல் மாஸ்டரையும் ரயில்ல ஏத்திக்கினு வந்துடறன்."

முதலாளி அந்த ஐந்து பெண்களையும் பார்த்தார், பனியில் நனைந்து நடுங்கும் என் தம்பியையும் பார்த்தார். அவர் ஊரிலும் ஒரு அம்மன் கோயில் இருக்கிறதாம். தன் கழுத்துத் துண்டை எடுத்து ரஞ்சித் தலையில் சுற்றிவிட்டு, "ஜாவ்" என்றார். போ என்கிறார் என்று எங்களுக்கே புரிந்தது.

மாசி இருபத்துமூன்றாம் தேதி காலையில் ரயிலை விட்டு இறங்கினான். செஞ்சிக்கு வந்தவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே மேல்மலையனூர் பஸ் ஏறிவிட்டான். நாங்கள் முந்தின பஸ்ஸிலேயே போய்க் காத்திருந்தோம். அமாவாசைக் கூட்டம் இல்லாததால் பிராகாரம் அமைதியாக இருந்தது. கவிதா குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூணோரமாக நின்றாள். குளித்து ஈரவேட்டியோடு வந்த ரஞ்சித் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் குழந்தை ஒருமுறை சிணுங்கியது. அவன் நடை தடுமாறியது.

படுத்தான், கைகூப்பினான், உருண்டான். நான் கூடவே நடந்தேன்.

"பனி மெத்தையாட்டம் இருந்துச்சிக்கா" என்றான் முதல் திருப்பத்தில். "இது கல்லு."

"பேசாம உருளுடா."

பூ விற்கிற பெண்கள் இரண்டு பேர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். "ஏய், இது அந்தப் பனியில உருண்ட ஆளுடி!" என்று ஒருத்தி சொல்ல, இருக்கிற கொஞ்சம் பேரும் கூட நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது திருப்பத்தில் அவனுக்குத் தலை சுற்றி நின்றபோது தள்ளிவிட எத்தனையோ கை வந்தது. சன்னதிக்கு நேராக வந்து சேர்ந்தான். மல்லாந்து படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடியே கேட்டான்: "முடிஞ்சிதாக்கா?"

"முடிஞ்சிதுடா."

கவிதா துண்டை எடுத்தாள். குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தி, அவன் முகத்துக்கு நேர்மேலே பிடித்தாள். கற்பூர வாசனைக்குக் குழந்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு கீழே பார்த்தது.

ரஞ்சித் கண்ணைத் திறந்தான். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. பிறகு கையை மேலே நீட்டினான். கை குழந்தையை விட்டு ஒரு ஜாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

"கவிதா, மூணு பிள்ளை தெரியுதும்மா. தலை சுத்துது. எது நம்முளுது?"

கவிதா சிரித்த சிரிப்பில் குழந்தையும் குலுங்கியது.

"நடுவுல இருக்கறதப் புடி மாமா" என்றாள்.