கிடை போட்ட கோடை

எங்கள் பூர்வீக நிலம் தரிசானதற்குச் சீமைக் கருவேலமே காரணம் என்று எங்கள் குடும்பம் உறுதியாக நம்பியது. மல்லாங்கிணறுக்குத் தெற்கே கிடந்த அந்த நான்கு ஏக்கரை நாங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை எவரும் காரணங்களில் சேர்க்கவில்லை. மரம் எதிர்த்துப் பேசாது; அந்த வகையில் அது மிக வசதியான குற்றவாளி.

அப்பாவுக்கு எண்பது நெருங்கியிருந்தது, கண்ணில் புரை. அந்த மண்ணில் இன்னும் ஒருமுறை குதிரைவாலி விதைத்து அறுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அண்ணன், சித்திரையில் பொக்லைனை வரவழைத்து, அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மூன்றே நாளில் கருவேலத்தை ஒரு தூர் விடாமல் பிடுங்கினார்.

அதோடு நின்றிருக்கலாம். உரமேற்றாத மண்ணில் விதைப்பது எங்கள் வீட்டில் பாவம். ஆகவே, வழக்கப்படி ஆட்டுக்கிடை போட்டோம். இருநூறு ஆடுகள் பகலில் கண்மாய்க்குள் மேயும். இரவில் எங்கள் நிலத்தில் அடைந்து புழுக்கை போடும். கண்மாய் முழுவதும் கருவேலங்காடு; அடியெல்லாம் அதன் காய்ந்த நெற்றுகள்.

பட்டாசு கம்பெனி விடுமுறை நாட்களில் எங்களிடம் வேலைக்கு வரும் பெண் வரப்பில் நின்று பார்த்தார்.

"அய்யா, இந்த ஆடு அம்புட்டும் கருவ நெத்தத் தின்னுட்டு வருதுக. வாசல்ல வெரட்டுனவன நீங்களே கொல்லவழியா கூட்டியாந்து படுக்க வைக்கீக."

"ஏத்தா, நாலு தலமொறையா கிடை போடுற வீடு இது. ஆடு எங்களுக்குப் புதுசா?" என்றார் அப்பா.

"ஆடு பழசுதான் அய்யா. நெத்துதான் புதுசு."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். விலங்குகளின் வயிற்றில் பதப்பட்டு முளைக்கும் விதைகளைப் பற்றி ஒரு புத்தகமே படித்திருந்தேன். அது வேறு நாட்டு யானைகளைப் பற்றியது.

புரட்டாசியில் விதைத்தோம். ஐப்பசி மழைக்குப் பின் நிலம் பச்சென்றிருந்தது. அண்ணன் படமெடுத்தார், அது அடுத்த ஆண்டுக் காலண்டரிலும் ஏறியது.

"அப்பா, பயிரு அம்சமா வந்திருக்கு" என்றார்.

அப்பா உள்ளே இறங்கிக் குந்தி, ஒரு செடியை விரலால் நீவினார். விரலை உதறிக்கொண்டார்.

"ஏலே, குதிரவாலிக்கு எப்பமிருந்துலே முள்ளு மொளைக்கி?"

அண்ணன் அலைபேசியைப் பார்த்தார். வேலைக்கு வந்திருந்த அந்தப் பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினார். 'அன்றே சொன்னேனே' என்று சொல்லத் தகுதியுள்ளவர் அவர் ஒருவரே. அப்பா அவர் பக்கம் திரும்பி, "களக்கொத்திய எடு தாயி. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார்.

எண்பது வயதில் அவர் பிறர் சொல் ஏற்றுக்கொண்டதை அன்றுதான் கண்டேன். கார்த்திகை முழுவதும் அப்பாவும் அந்தப் பெண்ணும் நானுமாகப் பிடுங்கினோம். கருவேல முளைகளுக்கிடையே தப்பிய குதிரைவாலி தையில் ஒரு மூட்டை தேறியது. அப்பா அதை இரண்டு முறை சோறாக்கிச் சாப்பிட்டார். பங்குனியில் போய்விட்டார்.

அண்ணன் காலண்டர் சீசன் முடிந்ததும் வருவதாகச் சொல்கிறார். மழைக்குப் பின், ஞாயிறுதோறும் முளை பிடுங்க, அந்தப் பெண்ணும் நானும் இருக்கிறோம்.