சக்கரத்தில் கட்டிய தடி

"பொட்டப்பிள்ள படிச்சிட்டு வந்து எந்திரத்துக்க கோவத்த அளக்கப் போறாளாக்கும்?" என்று பண்ணையாரின் காரியஸ்தர் ஒருமுறை என் அம்மையிடம் கேட்டார். அளந்துவிட்டேன். எந்திரத்துக்குக் கோபமே கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தோவாளைப் பக்கத்தில் முதன்முதலாக எந்திரக் கலப்பை வாங்கியவர் எங்கள் பண்ணையார்தான். அவரிடம் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமாவை அதில் ஏற்றி உட்கார வைத்தார்கள். எந்திரத்தைக் கொண்டுவந்து விட்டவன் முடுக்கவும் நிறுத்தவும் திருப்பவும் காட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். அவ்வளவுதான் படிப்பு. மாமா மீசையை முறுக்கிக்கொண்டு ஓட்டினார். பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடினோம்.

கும்பப்பூ போகத்துக்கான உழவின்போது, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஊறிக்கிடந்த வயலில் அதன் பின்சக்கரங்கள் புதைந்தன. மாட்டுவண்டி புதைந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தில் குறுக்கே ஒரு தடியைச் சங்கிலியால் கட்டிவிட்டுக் காளைகளை அதட்டுவார்கள். தடி சேற்றில் ஊன்றிக்கொள்ள, சக்கரம் ஏறிவிடும். வரப்பில் குடையோடு நின்ற காரியஸ்தர் எந்திரத்துக்கும் அதையே செய்யச் சொன்னார். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பனந்தடி ஒன்றைக் கட்டினார்கள்.

"கொஞ்சம் மண்ண வெட்டி மாத்திட்டு எடுப்பமா?" என்றார் மாமா.

"மண்ணு வெட்டதுக்கு மம்பட்டி போதும்லே. எந்திரம் என்னத்துக்கு? மீச மட்டும் இருந்தா போதுமா? முடுக்குலே."

வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

தடி ஊன்றியது. சக்கரம் அசையவில்லை. எந்திரத்தின் முன்பக்கம் மட்டும் விருட்டென்று மேலெழுந்தது. மாமா குதிப்பதற்குள் அப்படியே பின்னால் மல்லாந்து அவர்மேல் கிடந்தது.

வெளியே எடுத்தபோது மூச்சில்லை. பொழுது சாய்வதற்குள் காரியஸ்தர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "காலையில கருவாடு தின்னுட்டு ஏறியிருக்கான். எந்திரம் கோவப்படாம பொறுக்குமா?" சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எங்கள் முற்றத்திலேயே அதைச் சொன்னார்கள். கருவாடு சுட்டுக்கொடுத்த மாமி மார்பில் அடித்துக்கொண்டாள். எந்திரத்தைக் கழுவிச் சந்தனம் பூசிச் சேவல் அறுத்தார்கள். மாமியின் வீட்டுக்குப் பண்ணையிலிருந்து ஒரு குலை வாழைக்காய் வந்தது.

நாகர்கோவில் பள்ளியில் விசையைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வண்டியைக் காளை முன்னாலிருந்து இழுக்கிறது. எந்திரமோ தன் சக்கரத்தைத் தானே சுழற்றுகிறது. சுழல முடியாதபடி சக்கரத்தைக் கட்டிப்போட்டால், அந்த விசை எந்திரத்தின் உடம்பைத்தான் தூக்கிச் சுழற்றும். இதை ஓட்டுகிறவனிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சேவல் பிடிக்க மட்டும் பத்துப் பேர் ஓடினார்கள்.

இந்தக் கும்பப்பூ உழவுக்கு அதே எந்திரத்தில் ஏறப்போகிறவன் மாமாவின் மகன். "கருவாடு தின்னாம வாலே" என்பதுதான் காரியஸ்தர் அவனுக்குச் சொன்ன ஒரே புத்தி.

புதைந்தால் தடி கட்டாதே, இறங்கி மண்ணை வெட்டு என்று அவனுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பம், நான் குடுத்த கருவாடு இல்லியா மக்கா?"

அன்று அவள் மார்பில் அடித்துக்கொண்டதைத் துக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். தன்னையே அவள் அடித்துக்கொண்டாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை மாமியையும் கூட்டிக்கொண்டு பண்ணைக் கொட்டகைக்குப் போனேன். அன்று தடி கட்டிய சங்கிலி ஆணியில் தொங்கியது. இப்போது அது எங்கள் கிணற்றுக்குள் கிடக்கிறது. காரியஸ்தர் கேட்டு வரட்டும்.