காஜா மெஷின் கடைக்குத் திரும்பிய மதியம்

சீருடை தைக்கும் பெரிய பட்டறை ஒன்றில், ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவரை எல்லாரும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டறையின் நிஜ முதலாளியும் அப்படியே கூப்பிடுகிறார். கேலிதான். ஆனால் நம் ஆளுக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு காலத்தில் சொந்தக் கடை வைத்து, ஐந்தாறு பேருக்குச் சம்பளம் கொடுத்து, கடைசியில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் அவர். கடையும் சாமான்களும் ஏலத்தில் போயின, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை நினைத்துச் சிரிப்பார். பேச ஆள் கிடைத்தால், தன்னைக் காப்பாற்றிய இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். ஒருத்தி அவருடைய தங்கை. இன்னொருவர் கோர்ட்டு அனுப்பிய அதிகாரி அம்மா.

அவர் குடித்துக் கெட்டவரில்லை, சீட்டாடிக் கெட்டவரும் இல்லை. ஒரு தொழிற்சாலையை நம்பிக் கெட்டார். ஆயிரக்கணக்கில் சட்டை வேண்டும் என்றார்கள். இவர் துணியையும் நூலையும் கடனில் வாங்கித் தைத்து அடுக்கினார். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போனபோது தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சுவரில் முட்டிக்கொண்டு பயனில்லை என்று தெரிந்ததும் திவால் மனு போட்டார்.

அதற்குப் பிறகுதான் டீக்கடை வக்கீல்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்திராத மேதைகள். கோர்ட்டு ஆள் வருவதற்குள் இருப்பதில் நல்ல சாமானைக் கிளப்பிச் சொந்தக்காரர் வீட்டில் போட்டுவிடு, ஊர் உலகத்தில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று ஓதினார்கள். ஓசி யோசனைக்கு என்ன குறைச்சல்? இவரும் தலையாட்டினார்.

கடையில் நல்ல சாமான் என்றால் காஜா மெஷின்தான். மற்ற மெஷின்கள் தைக்கும். இது கண் இமைக்கும் நேரத்தில் பொத்தான் துளையைக் கத்தரித்து, ஓரத்தையும் கட்டிவிடும். காலையில் தன் முகத்தைத் துடைப்பதற்கு முன் அதைத் துடைக்கிற மனிதர் அவர். ரிப்பேர்காரர் வந்து பார்ப்பார், கடையில் இடமில்லை என்று புளுகி, பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டில் அதை இறக்கினார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? தங்கை மூலையில் இடம் ஒழித்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை அதன்மேல் போர்வையைப் போர்த்தி டிவியைத் தூக்கி வைத்தார்.

அத்தோடு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வேறொரு இடத்துக் காவலாளிகளுக்கான சட்டைகள் கொஞ்சம் பாக்கி இருந்தன. அதற்குக் கூலியை முன்பே வாங்கியாயிற்று. பொத்தானைத் தைத்துவிட்டுத் துளை போடாமல் எப்படிக் கொடுப்பது? அவர் மனசு ஒப்பவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். டிவியை இறக்கினார், மெஷினை ஓட்டினார். ரிப்பேர் என்றாயே என்று தங்கை கேட்டதற்கு, ஓட்டிப் பார்த்தால்தானே கோளாறு தெரியும் என்று ஒரு போடு போட்டார். முடித்த சட்டைகளை இஸ்திரி போட்டு, கடை மேஜைமேல் அழகாக அடுக்கி வைத்தார். திருடன் இதைச் செய்திருப்பானா? டெய்லர்தான் செய்வான்.

மறுநாள் அதிகாரி அம்மா வந்து மேஜை, கத்திரி, இஸ்திரிப் பெட்டி, ஓவர்லாக் மெஷின் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். சட்டை அடுக்குக்கு வந்ததும் மேலே இருந்த ஒன்றை எடுத்து, பொத்தான் வரிசையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"காஜா எதுல போட்டீங்க?"

இவர் தோளில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுற்றினார். வெளியில் கொடுத்தேன் என்று முனகினார். யாரிடம் என்று அடுத்த கேள்வி வந்தது. இவர் கலையாத சட்டை அடுக்கைச் சரிசெய்தார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அதட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கடன்பட்டு நொடித்துப்போவது குற்றமே இல்லை, அப்படிப்பட்டவரைக் கைதூக்கி விடத்தான் கோர்ட்டு இருக்கிறது என்றார். ஆனால் அங்கே வந்து கையேந்திய பிறகு சொத்தை ஒளித்தாலோ, பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட்டாலோ, சட்டப்படி அது மோசடி, வருஷக் கணக்கில் ஜெயில் என்றார். பிறகு எழுந்தார்.

"ஒளிச்சு வெச்சுக்கிட்டவங்க மேலயும் கேஸ் வரும். நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. நான் சாப்பிட்டு வந்து மிச்சத்தை எழுதறேன்."

தனக்கு ஜெயில் என்றபோது கூட அவர் அசையவில்லை. ஒளித்து வைத்துக்கொண்டவர்கள் என்றதும்தான் நிமிர்ந்தார். மூலையில் இடம் ஒழித்துக் கொடுத்தவள் கண்முன் வந்து நின்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் முகம் வெளுத்தது. ஈரக்கையோடு போய் டிவியை இறக்கி வைத்துவிட்டு, மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். காய்கறிக்காரரின் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, பட்டப்பகலில் இருவரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டீக்கடை மேதைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். சாக்கடை மேட்டில் சக்கரம் மாட்டிக்கொண்டபோது, இவர் அதிகமாகக் கடன்பட்டிருந்த நூல் கடைக்காரர் இறங்கி வந்தார். சட்டையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று இவர் ஒடுங்கினார். அவர் சக்கரத்துக்கு ஒரு கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதிகாரி அம்மா வந்தபோது மெஷின் அதன் பழைய இடத்தில் இருந்தது. அண்ணனும் தங்கையும் மூச்சு வாங்க நின்றார்கள். எங்கே இருந்தது என்று அவர் கேட்டார்.

தங்கை முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுல. நான்தான் வெச்சிருந்தேன்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றார் இவர். "ரிப்பேருன்னு பொய் சொல்லி நான்தான் வெச்சேன். கேஸ் போடறதா இருந்தா என் மேல மட்டும் போடுங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "காஜா மெஷின் ஒன்று. நல்ல நிலையில். கடையில் உள்ளது."

"நான் எழுதறப்ப எங்க இருக்கோ, அதைத்தான் நான் எழுதணும்," என்றார். "இப்ப கணக்கு சரியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துக் கோணலாக விழுந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. அப்போதுதான் தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். பிள்ளைகளை யார் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போயிருப்பேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா, என்னை என்ன கல் என்று நினைத்தாயா என்று தெருவே கேட்கத் திட்டினாள். அதிகாரி அம்மா தலையை நிமிர்த்தாமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். இவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்தத் திட்டு வலிக்கவில்லையா என்று பட்டறையில் யாரோ ஒருநாள் கேட்டார்கள். அவர் சட்டையை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னைத் திட்டறதுக்கு அவ வெளியில இருந்தாளே, அது போதாதாப்பா எனக்கு?"