பதினான்கு துண்டாய்ப் போன படங்கள்

அந்த மருத்துவமனையின் விதி தெளிவாகவே இருந்தது. வெளியூர் நோயாளிகள் ஸ்கேன் படங்களை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவசரம் என்று மருத்துவர் கருதினால் இரண்டு வேலை நாட்களுக்குள் தொலைபேசியில் அழைத்துத் தேதி சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கடிதம் வரும். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இப்படிப்பட்ட விதிகளைப் பிறர் மீது பிரயோகித்து ஓய்வு பெற்றவன் நான். படித்ததும் மரியாதையே வந்தது.

நோயாளி என் தங்கையின் கணவர். அண்ணாகிராமத்தில் முந்திரி வாங்கி விற்பவர். தலைக்குள் ஒரு கட்டி கண் நரம்பை அழுத்தி, இடது கண் போய்விட்டது. வலது கண்ணாவது மிஞ்ச வேண்டுமானால் உடனே அறுவை செய்ய வேண்டும், அதற்குச் சரியான ஆள் அந்த மருத்துவமனையில்தான் இருக்கிறார் என்று கடலூர் மருத்துவர் சொல்லிவிட்டார். அது 2005 ஆகஸ்ட். உறவில் கணினியும் மோடமும் என் வீட்டில் மட்டும்தான். எனவே தங்கையும் அவரும் சிதம்பரத்தில் என் வீட்டுக்கே வந்து தங்கினார்கள்.

படங்களை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து சிடியில் ஏற்றி வாங்கினேன். மோடம் தொலைபேசி வழியே கிறீச்சிட்டு இணைப்பைப் பிடிக்கும். திரையில் நீலக் கோடு பாதி நகர்ந்ததும் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் முழுவதும் ஒரு படம்கூடப் போய்ச் சேரவில்லை. மச்சான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இத்தினி நேரத்துக்கு நானே பஸ்ல போயி தலையக் காட்டிட்டு வந்திருப்பேன் மச்சான்.”

தேதி வாங்காமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்றேன். நானே எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் முறையாக இறங்கினேன். கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்டுடியோக்காரர் வண்ணப் படங்களாகச் சேமித்திருந்தார். மாற்றியதில் அளவு மூன்றில் ஒன்றானது. மேலும் சுருக்கினால் கட்டியின் விளிம்பு மங்கும் என்பதால் அதோடு நிறுத்தினேன். மொத்தத்தையும் பதினான்கு துண்டுகளாக்கினேன். இணைப்பு அறுந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். முதல் துண்டோடு கடலூர் மருத்துவரின் அறிக்கையும் போயிற்று. யாராவது எடுத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று சமையலறைத் தொலைபேசியைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். நடுவில் வரும் அழைப்பைத் தெரிவிக்கும் வசதி இணைப்பை அறுக்கிறது என்று கண்டுபிடித்து அதையும் ரத்து செய்தேன். அதன் பிறகு மணிக்கணக்கில் அறாமல் நின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகப்புக் கடிதம், இணைப்புப் பட்டியல், வீட்டுத் தொலைபேசி எண். மூன்று நாளில் பதினான்கும் சேர்ந்தன. பிறகு பதில் வந்ததா என்று பார்க்க அதே இணைப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிடுவார்களா என்று தங்கை கேட்டபோதெல்லாம் விதியைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குச் செய்தித்தாளின் தலைப்பு எழுத்துகள் தெரிந்தன. வியாழக்கிழமை அவர் செய்தித்தாளே கேட்கவில்லை.

அன்று நானே மருத்துவமனையை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“மொத மெயில் வந்தன்னிக்கே டாக்டர் ஒடனே கூட்டிட்டு வரச் சொன்னாரு சார். மூணு நாளு கூப்ட்டோம். எப்பவும் எங்கேஜ்டு. அப்புறம் லெட்டர் லிஸ்ட்டுக்கு மாத்திட்டோம்.”

வேறு எண்ணில் முயன்றிருக்கலாமே என்றேன்.

“வேற நம்பர் எதுவும் நீங்க எழுதலியே சார்.”

மச்சானின் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. எல்லா நாளும் இருந்தது. முறையான கடிதத்தில் செல் எண்ணை எழுதுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. ஒதுக்கியிருந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது, புதிய தேதி கடிதத்தில் வரும் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அன்றே கார் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டியை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை. கட்டுப் பிரித்த அன்று தங்கை வெளியே போன பிறகு மச்சான் சொன்னார்:

“கடைசியா நான் பாத்தது ஒங்க கம்ப்யூட்டர்ல நகந்துச்சே, அந்த நீலக் கோடுதான் மச்சான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நோயாளியைத் தாமதமின்றி அழைத்து வருமாறு கேட்டுக்கொள்ளும் கடிதம், பதினான்கு இணைப்புகளும் பெறப்பட்டன என்ற ஒப்புதலோடு, முறையான எண்ணும் முத்திரையும் தாங்கி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2005 செப்டம்பர் 23.