கடதாசிக் கப்

எண்பதுகளின் பிற்பாதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு சிறிய யூதப் பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். அதனால்தான் என் எட்டு வயது மகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. சைவப் பிள்ளை அங்கே போய் என்ன படிக்கப்போகிறது என்று கணவர் முணுமுணுத்தார். கணக்கும் ஆங்கிலமும்தான் என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆனால் அங்கே வேறொன்றும் படிப்பித்தார்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒரு வேதக் கதையைக் கொடுப்பார்கள். ஒருத்தி ஒன்று சொன்னால் மற்றவள் மறுத்து வாதாட வேண்டும். கடவுள் செய்தது நியாயமா என்றுகூட வாதாடினார்கள். ஆசிரியைக்கு அதில் ஒரே சந்தோஷம். வகுப்பு சந்தைக்கடைதான். யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளியில் ஏன் என்று கேட்டால் அடிமட்டத்தால் விரலில் அடி விழும். தப்பைக் கண்டால் பேசாமல் இருக்கக் கூடாது, ஆனால் முதலில் அது தப்புத்தானா என்று விசாரிக்க வேண்டும் என்று மகள் வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் நடத்துவாள். எரிச்சலாக இருக்கும். உள்ளூரப் பெருமையும்தான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஹென்டர்சனில் ஒரு தமிழ் வீட்டில் பிறந்தநாள். கணவரோடு பென்ரோஸ் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரையும் எங்கள் காரில் கூட்டிப்போனோம். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான். நாலு தமிழ் முகம் பார்க்கலாம் என்று சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு ஆசையாக வந்தார். உட்காரக்கூட இல்லை, விசாரணை தொடங்கிவிட்டது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், தகப்பன் பெயர் என்ன. நம்மவர்களுக்கு இந்த மூன்று கேள்விகள் போதும். பதில் கிடைத்ததும் வீட்டுக்காரி எழுந்து, நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சமையலறைக்கு வந்தாள்.

“அவர் எங்கட ஆக்களில்லை. கடதாசிக் கப்பில குடுங்கோ, பிறகு எறியலாம்.”

என் கையில் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. அதைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு, கடதாசிக் கப்பில் ஊற்றி, சிரித்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சமையலறை வாசலுக்கு நேரே இருந்தார். நான் செய்ததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உயிர் தப்பினால் போதும் என்று கடல் கடந்து ஓடிவந்த கூட்டம், இந்த அழுக்கை மட்டும் மறக்காமல் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. தூ!

மாமாவுக்கு மட்டும் ஏன் கடதாசிக் கப் என்று மகள் வீட்டுக்காரியிடம் கேட்டாள். கிளாஸ் முடிந்துவிட்டது என்றாள் அவள். மகள் நேரே போய் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“ஆறு கிளாஸ் இருக்குது அன்ரி. ஏன் பொய் சொன்னீங்கள்?”

கூடத்தில் இருந்தவர்களில் டாக்டர் உண்டு, எஞ்சினியர் உண்டு. எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். என் கணவர் தரையைப் பார்த்தார். பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று பின்னாலிருந்து ஒரு குரல். அத்தனை பேரில் முதுகெலும்போடு நின்றது அந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுதான். நான் என்ன செய்தேன்? அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

திரும்பும்போது காரின் பின் இருக்கையில் எங்களோடு வந்தவரும் மகளும். அவள் விசாரித்து முடித்திருக்கவில்லை.

“அம்மா, நீங்கள்தானே ஊத்தினீங்கள். அங்க கிளாஸ் இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியாது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். தெரியும் என்றால் இவள் இனி என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்ற பயம்.

மகள் என்னை நம்பிவிட்டாள். அவர் பக்கம் திரும்பி, அம்மாவுக்குத் தெரியாதாம் என்று ஆறுதலாகச் சொன்னாள்.

“ஓம் பிள்ளை,” என்றார் அவர். “அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்.”