மேப்பில் மூடிய என் குவாரி

அல்சூரில் மூன்று மாடி வீடு, இரண்டு லாரி, ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி. மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் இத்தனையும் உண்டாக்கினேன். இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அஸ்திவாரம் என் கல்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு என் மாடியில் ஒரு மேப் என்ஜினியர் குடியிருந்தார். ஒல்லி ஆள். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டுதான் பதில் சொல்வார். வானத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த உலகத்து மேடுபள்ளமெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. அளவு கிடைக்காத இடம் கறுப்பு ஓட்டையாக நிற்கும். அதை அடைப்பது அவர் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குவாரியைக் காட்டச் சொன்னேன். கம்ப்யூட்டரில் அந்த இடம் சமதளமாக இருந்தது.

“என்ன தம்பி, அவ்வளவு பெரிய குழியை மூடிட்டீங்க?”

“தண்ணி நின்னா ரேடார் சரியா திரும்பாதுங்க ஐயா. ஓட்டையே இருக்கக் கூடாதுன்னு ஆர்டர். சுத்தி இருக்கிற உயரத்தை வெச்சு நிரப்பிடுவோம்.”

“அந்தத் தண்ணியில என் ஆளு ஒருத்தன் விழுந்தான். உடம்புகூட கிடைக்கல. அவன் மேல ரோடு போடலாம்னு காட்டுது உங்க மேப்.”

கண்ணாடியைக் கழற்றினார். அன்று துடைக்கவில்லை. “எவ்வளவு ஆழம், சரியா சொல்லுங்க” என்றார். கயிறு விட்டுத் தேடியவன் நான். சொன்னேன், எழுதிக்கொண்டார்.

மறு மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டார். குழியைத் திருத்தினாரா என்பது எனக்குத் தெரியாது. அது இன்றும் உறுத்துகிறது. திருத்தியிருந்தால், அந்த ஆழம் ரேடார் சொன்னதில்லை, நான் சொன்னது. குவாரிக்காரன் சொன்ன ஆழம் என்று மேப்பின் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். குழியை வெட்டியவனும் நான், அதில் தேடியவனும் நான்.