அம்மா கையசைத்த பையன்

சென்னை அறையில் தனியாக ஒரு புதுக்கவிதை படித்துக்கொண்டிருந்தேன். தான் இல்லாவிட்டாலும் தெரு நிறைந்தே இருக்கும் என்கிறான் அதில் பேசுகிறவன். நூலகப் புத்தகம், கிழிந்த பக்கத்தை ஒட்டிய பசை மணத்தது. அவ்வளவுதான், நினைப்பில் எங்கள் ஊர் ஆவூருக்குப் போய்விட்டேன்!

சின்ன வயதில், ஏசுவைச் சிலுவையில் அறையும் பாஸ்கா நாடகத்தில் கூச்சல் போடும் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம். எல்லாப் பையன்களுக்கும் ஒரே மாதிரி அங்கி, பசை போட்டு ஒட்டிய ஒரே மாதிரி தாடி. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவள் பார்த்தது பக்கத்தில் நின்றவனை. கத்த வேண்டிய இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன்.

முடிந்ததும் ஓடி வந்தாள். “கண்ண எடுக்காம ஒன்னையத்தான் பாத்தேன்டா தம்பி. என்னமாக் கத்துன!”

“ஆமாம்மா” என்றேன்.

சென்னை அறையில் போன் அடித்தது. அம்மாதான். “அங்கிட்டு ஒனக்குத் தொணைக்கு ஆளு இருக்காங்களாப்பா?”

“தெரு நிறைய இருக்காங்கம்மா” என்றேன்.